பழைய வாகனம் என்றால் உதறத்தான் செய்யுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வேன் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் ஏசுங்கள். ஆனால் வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறுகிறது. காலுக்குக் கீழே பெடல் துடிக்கிறது. சில வேன்களில் சீட்டே ஆடுகிறது. இதைப் போய்ச் சொன்னால் நமது ஊர்களில் கிடைக்கும் பதில்கள் மூன்றே மூன்று.

ஒன்று: "பழைய வாகனம்தானே, அப்பிடித்தான் இரிக்கும்."
இரண்டு: "டிஸ்க் வளைஞ்சிட்டு. புதுசு போட்டாச் சரி."
மூன்று: "லேத்துல குடுத்து ஒருக்கா ஸ்கிம் பண்ணி எடுங்க."

இவை மூன்றும் பதில்கள் அல்ல, தேடாமல் இருப்பதற்கான மூன்று சாட்டுகள். முதலாவது நேரடியாக உயிரோடு விளையாடுகிறது. மற்ற இரண்டும் முதலில் நமது பணத்தோடு விளையாடிவிட்டு, பிறகு சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

ஆசிரியர்களுக்கு கராஜில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறோம். நாங்கள் ஏழு பேர் ஒரே வேனில் பாடசாலைக்குப் போய் வருகிறோம். தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த வேன். மாதாந்தம் பணம் சேர்த்துக் கொடுக்கிறோம், பெரிய பழுது வந்தால் அதிலும் பங்கு போடுகிறோம். அந்த வேனுக்கு ஒரு வருடத்துக்குள் முன் டிஸ்க் இரண்டு தடவை மாற்றப்பட்டது. பேட் மூன்று தடவை. இடையில் ஒரு தடவை லேத். ஒவ்வொரு தடவையும் கராஜிலிருந்து வெளியே வரும்போது பிரேக் பட்டுப் போல இருக்கும். இரண்டு மூன்று மாதம் போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே உதறல் திரும்பி வரும்.

மூன்றாவது தடவையும் டிஸ்க் வாங்கி வரச் சொன்னபோது நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பாஸ், அளந்து பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். "இதுல என்னத்த அளக்கிற சேர்? கைய வெச்சாத் தெரியும்தானே."

கையை வைத்தால் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் இந்தப் பதிவின் முக்கால்வாசி.

பிரேக் டிஸ்க் என்பது வார்ப்பிரும்பில் செய்த ஒரு வட்டத் தட்டு. சில்லோடு சேர்ந்து சுற்றுகிறது. பெடலை மிதித்தால் இரு பக்கத்தாலும் இரண்டு பேட்டுகள் வந்து அதைக் கவ்வுகின்றன. தட்டு சுற்றிவர ஒரே தடிப்பாக இருந்தால் கவ்வலும் ஒரே சீராக இருக்கும். ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெல்லியதாகவும் இருந்தால், தடித்த இடம் வரும்போதெல்லாம் பிடி இறுகும், மெல்லிய இடத்தில் தளரும். பேட் தள்ளப்படுவது பிரேக் எண்ணெய் வழியாகப் பெடலுக்கு வருகிறது. பிடி இறுகித் தளர்வது ஸ்டியரிங்குக்கு வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வேன் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ எட்டுத் தடவை சுற்றும். எட்டுத் தடவையும் இறுகித் தளர்ந்தால், அதைத்தான் நாம் உதறல் என்கிறோம்.

இந்தத் தடிப்பு வித்தியாசம் எவ்வளவு இருந்தால் உதறும்? 0.02 மில்லிமீட்டர் அளவு போதும். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பே 0.05 இலிருந்து 0.1 மி.மீ. வரை இருக்கும். தலைமயிரில் பாதிக்கும் குறைவான ஒன்றை விரலை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால் அதற்குப் பெயர் அனுபவம் அல்ல, ஊகம். உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில் நாம் பிள்ளைகளுக்குத் திருகுக் கணிச்சியைக் கொடுத்து 0.01 மி.மீ. வரை வாசிக்கப் பழக்குகிறோம். அந்தப் பிள்ளைகள் ஏறிப் போகும் வேனுக்கு மட்டும் விரல் போதுமாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "டிஸ்க் வளைஞ்சிட்டு" என்கிறார்களே, அது உண்மையா?

வளைவது நடக்கும். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் நடக்கும். ஆனால் பெரும்பாலான உதறல்களுக்குக் காரணம் டிஸ்க் வெப்பத்தில் அப்பளம் போல் நெளிந்தது அல்ல. டிஸ்க் முதலில் சரியாகத்தான் இருந்தது. அது உட்கார்ந்த இடம் சரியில்லை.

டிஸ்க் உட்காருவது ஹப்பின் முகத்தில். இருபது முப்பது வருடம் மழையிலும் கடற்கரை உப்புக்காற்றிலும் கிடந்த வேனின் ஹப் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக இருக்கும். அந்தத் துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது டிஸ்க்கை வைத்து இறுக்கினால், தட்டு ஒரு பக்கம் மயிரளவு சாய்ந்து உட்காரும். ஹப் சிறியது, டிஸ்க் பெரியது. அதனால் ஹப்பில் 0.05 மி.மீ. உயரமுள்ள துருப் பொருக்கு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்டமாக மாறும். வாகனத் தயாரிப்பாளர்களின் கைநூல்கள் பெரும்பாலும் அனுமதிக்கும் ஆட்டம் 0.05 இலிருந்து 0.1 மி.மீ. வரைதான். துரு ஒன்றே முழுக் கணக்கையும் விழுங்கிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் பணம் எங்கே போகிறது என்பது விளங்கும். சாய்ந்து உட்கார்ந்த புது டிஸ்க் முதல் நாளே உதறாது. ஏனென்றால் தட்டு ஆடினாலும் தடிப்பு இன்னும் ஒரே அளவுதான். கலிபரும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஆனால் நீங்கள் பிரேக் போடாமல் ஓடும்போதுகூட, தட்டின் வெளித்தள்ளிய இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை மெதுவாக உரசிக்கொண்டே போகும். அம்பாறைக்குப் போய் வரும்போது உரசும். மட்டக்களப்புக்குப் போய் வரும்போது உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் அந்த இடம் தேய்ந்து மெலியும். அப்போதுதான் தடிப்பு வித்தியாசம் பிறக்கிறது. அப்போதுதான் ஸ்டியரிங் உதறுகிறது.

விளங்குகிறதா? கராஜிலிருந்து வரும்போது பட்டுப் போல இருந்ததற்கும், மூன்று மாதத்தில் திரும்ப உதறியதற்கும் காரணம் ஒன்றே. புது டிஸ்க் பழுதான டிஸ்க் அல்ல, பழுதாக்கப்பட்ட டிஸ்க். அடுத்த புது டிஸ்க்கையும் அதே துருவின்மேல் வைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும். கடைக்காரர் டிஸ்க் கூடாது என்பார், டிஸ்க் வாங்கியவர் கடையைக் குறை சொல்வார். ஹப்பில் இருக்கும் துரு இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வேனில் நடந்ததும் இதுதான். வேறொரு கராஜில் டயல் கேஜ் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். கடிகாரம் போன்ற ஒரு சிறு கருவி. அதன் முள்ளை டிஸ்க்கில் தொட வைத்து, சில்லை மெதுவாகக் கையால் சுற்றினார். முள் 0.15 மி.மீ. ஆடியது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் எமரிக் கடதாசியாலும் வெள்ளி தெரியும் வரை தேய்த்தார். சாய்ந்து உட்கார்ந்ததில் டிஸ்க்கின் முதுகில் பதிந்திருந்த அடையாளத்தையும் காட்டினார். துப்புரவாக்கித் திரும்பப் பூட்டியதும் முள் 0.04க்கு வந்தது. ஒரு பக்கக் கலிபரின் ஸ்லைட் பின்னில் கிறீஸ் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதையும் கழற்றித் துடைத்துப் புதுக் கிறீஸ் போட்டார். கடைசியாக, ஏற்கனவே தேய்ந்து தடிப்பு மாறிப்போன டிஸ்க்கை மட்டும் சரிசெய்தார். அதற்குப் பிறகு இரண்டு தவணை முடிந்துவிட்டது. உதறல் இல்லை.

அவர் எடுத்த கூலி, முன்பு வாங்கிய ஒரு சோடி டிஸ்க்கின் விலையைவிடக் குறைவு.

இப்போது மூன்றாவது சாட்டுக்கு வருவோம். ஸ்கிம்.

ஸ்கிம் பண்ணுவது பாவமான காரியம் அல்ல. இடம் அறிந்து செய்தால் நல்ல வேலை. ஆனால் டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் மட்டமாகச் சீவிக் கொண்டுவந்து, திரும்பவும் அதே துருப் பிடித்த ஹப்பில் வைத்தால் என்ன பயன்? சாய்வு ஹப்பில் இருக்கிறது, லேத்தில் சீவுவது டிஸ்க்கை. தலைவலிக்கு முழங்காலில் மருந்து பூசும் வேலை.

அதோடு ஒவ்வொரு சீவலிலும் டிஸ்க் மெலிகிறது. எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரம் என்றால் ஆகக்கூடிய உள்விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கிம் போட்டு வாங்கும்போது "மிச்சம் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டவர்கள் நமது ஊரில் எத்தனை பேர்? மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. சமதரையில் அது தெரியாது, மலையில் தெரியும்.

மலை என்றதும் சொல்லியே ஆகவேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனை வழியாக ஊருக்குத் திரும்பும் பதினெட்டு வளைவு நமது ஆட்களுக்குப் புதிதல்ல. லீவு வந்தால் வேன் வேனாகப் போகிறோம். இறக்கத்தில் நான்காம் கியரில் விட்டுவிட்டு முழுப் பாரத்தையும் பிரேக்கில் சுமத்துகிற சாரதிகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே வந்ததும் வேனை நிறுத்தி, காலைப் பெடலில் இருந்து எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு பேசுவார்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அதே இடத்தில் ஒட்டிக்கிடந்தால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் பதிந்துவிடும். அதுவும் உதறலுக்கு ஒரு காரணம். இன்னும் சிலர் ஓடையில் வாளியால் தண்ணீர் அள்ளிச் சில்லுக்கு அடிப்பார்கள். வார்ப்பிரும்பு கொதிக்கும்போது குளிர் தண்ணீர் பட்டால் நெளியவும் செய்யும், வெடிக்கவும் செய்யும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிராமல் அழுத்தி விடுங்கள். கீழே வந்ததும் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடிக் காற்றில் ஆற விடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை.

இனி முதலாவது சாட்டு. ஆக மோசமானது அதுதான். "பழைய வாகனம், அப்பிடித்தான்."

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 இல்தான். இடையில் 2022 இல் ரூபாய் சரிந்தது, உதிரிப்பாகங்களின் விலை எங்கேயோ போனது. ஆகவே நம்மிடம் இருப்பது பழைய வாகனங்கள்தான், இன்னும் பல வருடங்களுக்கு அவைதான் ஓடப்போகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாகனம் பழையது என்பதற்காகத் தயாரிப்பாளர் கொடுத்த அளவு மாறாது. 1995 இல் செய்த வேனுக்கும் ஹப் நேராகத்தான் இருக்கவேண்டும். பழைய வாகனம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும் என்றால், கூடுதலாகத் தேடவேண்டும் என்றுதான் அர்த்தம். தேடுவதை நிறுத்துவதற்கு வயது ஒரு காரணம் அல்ல. உம்மாவுக்கு வயது போய்விட்டது என்று நெஞ்சு வலியை மருந்தில்லாமல் விடுவோமா?

இன்னொன்று. உதறல் எப்போதும் பிரேக்கில் இருந்துதான் வரும் என்றில்லை. லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால், போல் ஜொயின்ட் தளர்ந்திருந்தால், வீல் பெயாரிங் ஆடினால், பிரேக்கின் சின்னத் துடிப்பும் பெரிய உதறலாக ஸ்டியரிங்குக்கு வரும். போல் ஜொயின்ட் ஓடும்போது கழன்றால் சில்லு படுத்துவிடும். "அப்பிடித்தான்" என்று சொல்லி நாம் ஒதுக்கி வைக்கும் உதறல், உள்ளே ஒன்று கழலப்போகிறது என்பதற்கான கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம். எச்சரிக்கிற பொருளைப் பார்த்து "வாயை மூடு" என்று சொல்வது புத்திசாலித்தனமா?

சரி, தேடுவது எப்படி? பெரிய வித்தை இல்லை. காசு செலவாகாததில் தொடங்கி, செலவாவதில் முடிக்கவேண்டும். நமது ஊரில் தலைகீழாக நடக்கிறது.

1. எப்போது உதறுகிறது என்று பாருங்கள். பிரேக் போடாமலே 80, 90 இல் உதறினால் முதலில் டயர், ரிம், வீல் பெலன்ஸ். பிரேக் போடும்போது மட்டும் என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

2. எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்பக்கம். சீட்டிலும் தரையிலும் என்றால் பெரும்பாலும் பின்பக்கம். ஹேண்ட் பிரேக் பின் ட்ரம்மில் பிடிக்கும் வாகனம் என்றால், ஆளில்லாத காய்ந்த நேர்ப் பாதையில், குறைந்த வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் உதறினால் சந்தேகம் பின் ட்ரம்மில். ட்ரம் வட்டம் தப்பி முட்டையாகியிருக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்து பார்க்கவேண்டாம்.

3. குளிர்ந்த நிலையிலும் உதறுகிறதா, இறக்கத்தில் சூடான பிறகு மட்டும் உதறுகிறதா என்று குறித்து வையுங்கள். பாஸுக்கு இது பாதி விடை.

4. கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்திவிட்டு ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடவேண்டாம், சுட்டுவிடும். ஒரு சில்லு மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கக் கலிபர் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடிக்கிறது.

5. வாகனத்தை ஜெக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு இடமும் வலமும். ஆட்டம் இருந்தால் பெயாரிங், போல் ஜொயின்ட், டை ரொட் என்ட் பார்க்காமல் டிஸ்க்குக்குப் போகவேண்டாம்.

6. வீல் நட். எயார் கன்னால் படபடவென்று ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்கினால் ஒரு நட் கூடவும் ஒரு நட் குறையவும் இறுகும். அதுவே டிஸ்க்கைச் சாய்க்கப் போதும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இரண்டு மூன்று தடவையாக, டோர்க் ரென்ச்சால் இறுக்கவேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை அண்டித்தான் வரும். உங்கள் வாகனத்தின் சரியான அளவு கைநூலில் இருக்கும்.

7. இவ்வளவுக்கும் பிறகு டயல் கேஜால் டிஸ்க்கின் ஆட்டமும், மைக்ரோமீட்டரால் சுற்றிவர எட்டு இடத்தில் தடிப்பும் அளக்கவேண்டும். ஆட்டம் கூடுதல் என்றால் ஹப்பைத் துப்புரவாக்கித் திரும்ப அளக்கவேண்டும். அப்போதும் கூடுதல் என்றால்தான் டிஸ்க்கா, ஹப்பா, பெயாரிங்கா என்ற கேள்வி.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிஸ்க், பேட், புஷ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நோய் என்று யாருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம்: மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்று, பிறகு பார். பரீட்சையில் புள்ளி வாங்குவதற்கு மட்டும் என்றா அதைப் படிப்பிக்கிறோம்?

இப்போது கராஜ்காரர்கள் எங்களோடு கோபமாக இருப்பார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் குற்றத்தில் பெரிய பங்கு அவர்களுடையதல்ல.

நம்மவர்கள் தேடுவதற்குக் காசு கொடுக்கிறார்களா? ஒரு பாஸ் ஒன்றரை மணித்தியாலம் செலவழித்து, நான்கு சில்லையும் கழற்றி, அளந்து, ஹப்பைத் தேய்த்து, "சாமான் ஒண்டும் மாத்தத் தேவல்ல, இவ்வளவு தாங்க" என்று கூலி கேட்டால் என்ன நடக்கும்? "ஒண்டுமே போடல்லயே, எதுக்குக் காசு?" என்று கேட்பார்கள். அதே ஆட்கள் பெட்டியில் வந்த புது டிஸ்க்குக்கு மூன்று மடங்கைச் சந்தோசமாக எண்ணிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் இரும்புக்குக் காசு உண்டு, கண்ணுக்குத் தெரியாத அறிவுக்குக் காசு இல்லை. அப்படியென்றால் பாஸ் ஏன் தேடவேண்டும்? சாமானை மாற்றினால் அவருக்கும் கையில் ஏதோ மிஞ்சும், வீட்டு அடுப்பு எரியும். ஊரே சேர்ந்து அவரைச் சாமான் மாற்றுகிறவராக ஆக்கி வைத்துவிட்டு, அவர் சாமான் மாற்றுகிறார் என்று குறை சொல்வது நீதியா?

"அவருக்கு முப்பது வருச அனுபவம், கருவி எதுக்கு?" என்பவர்களுக்கு: அனுபவம் எங்கே தேடவேண்டும் என்று சொல்லும், கருவி எவ்வளவு என்று சொல்லும். முப்பது வருடம் நாடி பிடித்த டொக்டரும் காய்ச்சலுக்குத் தெர்மோமீட்டர் வைக்கிறார். அதில் அவருக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் வரவில்லை.

"புகைப் பரிசோதனை எல்லாம் பாஸ்தானே சேர்" என்பவர்களுக்கு: அங்கே பார்ப்பது புகையை. உங்கள் ஹப்பில் இருக்கும் துருவை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

"சேர்மார் படிப்பிச்சாப் போதும், வேனப் பாக்க நாங்க இரிக்கம்" என்பவர்களுக்கு: அந்த வேனில் இருப்பது நாங்களும் எங்கள் மாணவர்களும். பிள்ளை அமானிதம். அமானிதத்தை ஏற்றியவர் "அப்பிடித்தான் இரிக்கும்" என்று சொல்ல முடியாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான்.

வேன் உரிமையாளர்களே, உதறல் வந்தால் "என்ன மாத்த?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு ஆடுது, எவ்வளவு தடிப்பு இரிக்கி?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கராஜ் வைத்திருப்பவர்களே, தேடும் கூலி இவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். கொடுக்க மனமில்லாதவர் வேறு இடம் போகட்டும். திரும்பி வருவார்.

பெற்றோரே, மாதக் காசு கொடுக்கும் நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் போட்டா ஆடுதா?" பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் கேட்பதில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் வேன் ஓட்டும் சகோதரர்களுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். ஒரு டயல் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டோர்க் ரென்ச். எல்லோரும் சேர்ந்து வாங்கி ஊரில் ஒரு பொது இடத்தில் வையுங்கள். யாருக்குத் தேவையோ கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். பாவிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சனிக்கிழமை பின்நேரம் நாங்கள் சொல்லித் தருகிறோம், சம்பளம் வேண்டாம். சுற்றுலாவுக்குப் போகும் எந்த வேனும் மலையேறும் முன் ஒரு தடவை அளக்கப்படவேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுங்கள். விபத்து நடந்த பிறகு கூட்டம் போட்டு அனுதாபத் தீர்மானம் எடுப்பதைவிட இது சிக்கனம்.

வறுமை காரணமாகப் பழைய வாகனம் ஓட்டுகிறோம், சரி. ஆனால் அளக்காமல் மாற்றுவது பணக்காரர்களுக்குக்கூடக் கட்டுப்படியாகாத பழக்கம். நமக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

வேன் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.